வன்னியின் விடியப்புறப் பனிமூட்டமும் செய்மதிப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழிக் கடைசியில் தொடங்கி மாசி முடியுமட்டும் விடியப்புறம் நாலு மணிக்கே என் கைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். தம்புள்ளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புகிறவர், கிளினிக்குக்காக யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் பிடிக்க நிற்கிறவர், மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர் என்று ஆள் மாறுமே தவிரக் கேள்வி மாறாது: "பனி கிடக்கோ?" நான் வானிலை படித்தவன் அல்ல. மனைவியின் தம்பி லொறி ஓட்டுகிறார். அவருக்காகச் செய்மதிப் படம் பார்க்கப் பழகினேன். அது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே ஒரு தடவையாக எழுதி வைக்கிறேன்.

பனி, பனிமூட்டம், புகார் எல்லாம் ஒன்றுதானே?

வாய்ப்பேச்சில் ஒன்றுதான். வானிலைக்காரரின் கணக்கில், கண்ணுக்கு எட்டும் தூரம் 1,000 மீற்றருக்குக் கீழே இறங்கினால்தான் பனிமூட்டம். அதற்கு மேல் தெரிந்தால் வெறும் புகார். புல்லில் நிற்கும் துளி வேறு சங்கதி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று கிழவிகள் சொல்வது குளிரையும் அந்தத் துளியையும் பற்றித்தான். ரோட்டை மறைக்கும் மூட்டத்தைப் பற்றி அல்ல.

வன்னியில் ஏன் தை, மாசியில் மட்டும் இவ்வளவு?

இங்கே வருவது பெரும்பாலும் நிலம் குளிர்வதால் பிறக்கும் மூட்டம். மாரி மழை விட்டு, வானம் வெளித்து, காற்றும் அடங்கிய இரவில் நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிரும். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் தை மாதத்து விடியப்புறம் 20 பாகை செல்சியஸை ஒட்டி இறங்குவது வழமை. குளங்கள் நிறைந்து கிடக்கும், காலபோக வயலில் இன்னும் ஈரம் நிற்கும், காட்டு மண்ணும் ஊறிக் கிடக்கும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து பனிபடுநிலையை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைத் தொட்டதும் அதில் இருந்த ஈரம் நுண்துளிகளாகிவிடுகிறது.

காற்று அறவே அசையாவிட்டால் ஈரம் முழுக்கப் புல்லிலும் கூரைத் தகரத்திலும் துளியாக இறங்கிவிடும். கொஞ்சம் அசைந்தால் மூட்டம் எழும்பும். பலமாக வீசினால் மேலே இருக்கும் உலர்ந்த காற்று கலந்து கலைந்துபோகும். இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கும் எல்லை மிக மெல்லியது. அதனால்தான் நேற்று கிடந்த இடத்தில் இன்று இல்லை.

குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் வயல்தான் இதற்குத் தோதான இடம். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரை என்று எதன் கீழும் விடியப்புறம் போய் நின்று பாருங்கள். நான் இரணைமடுக் கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு மேலே நட்சத்திரம் துலக்கமாக இருந்தது. கீழே வயல் முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளை. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஆளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது, லைற் வெளிச்சம் உள்ளே ஒரு மஞ்சள் உருண்டையாக உருண்டுகொண்டு போனது. இந்தக் காட்சியை நினைவில் வைத்திருங்கள். செய்மதி பார்ப்பதும் இப்படி மேலே நின்றுதான்.

இருட்டில் செய்மதிக்கு என்ன தெரியும்?

பகலில் எடுக்கும் சாதாரணப் படம் சூரிய வெளிச்சத்தில் எடுப்பது. இரவில் அது கறுப்பு. ஆனால் நிலம், நீர், மேகம் எல்லாமே இரவு பகல் பாராமல் வெப்பத்தைக் காலுகின்றன. பள்ளிக்கூடத்தில் செங்கீழ்க் கதிர் என்று படித்தோமே, தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்பார்கள், அதுதான். செய்மதி அதை அளந்து, "இந்த இடம் இத்தனை பாகை" என்று படம் போடும்.

உயரமான மழைமேகத்தை இப்படிப் பிடிப்பது சுலபம். அதன் உச்சி உறைநிலைக்கு எத்தனையோ பாகை கீழே இருக்கும். படத்தில் பளிச்சென்று தெரியும். பனிமூட்டம் அப்படியல்ல. நிலம் 20 பாகை என்றால் அதன் மேல் படுத்திருக்கும் மூட்டமும் அதே 20 பாகையைச் சுற்றித்தான். வெப்பப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வெள்ளை மாடு வெள்ளைச் சுவரோடு நிற்பது போல. தொலைக்காட்சிச் செய்தியில் காட்டும் இரவுப் படத்தைப் பார்த்து "மேகம் இல்லை, ரோட்டு துப்புரவு" என்று சொல்லிவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு அலைநீளத்தில் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். ஒன்று 3.9 மைக்ரோமீற்றரைச் சுற்றியது, மற்றது 10.8 மைக்ரோமீற்றரைச் சுற்றியது.

ஒரே நெல் மூட்டையை இரண்டு தராசில் நிறுக்கிறோம் என்று வையுங்கள். வெறும் நிலம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறை காட்டும். மூட்டம் என்றால் ஒரு தராசு மட்டும் குறைத்துக் காட்டும். அந்தக் குறைச்சல்தான் அடையாளம்.

காரணம் துளியின் அளவு. மூட்டத்துத் துளியின் ஆரை 10 மைக்ரோமீற்றர் மட்டில்தான். 10.8 அலைநீளத்தில் இப்படித் துளிகள் அடர்ந்த படை, கரும்பொருள் போல முழுமையாக வெப்பத்தைக் காலும். 3.9இல் அதே துளிகள் கதிரை விழுங்குவது குறைவு, சிதறடிப்பது கூட. விழுங்காத பொருள் காலவும் மாட்டாது என்பது கிர்க்கோவ் விதி. ஆகவே 3.9இல் அது உள்ளதைவிடக் குளிராகத் தோன்றும்.

எவ்வளவு குளிர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூட்டத்தின் உச்சி 22 பாகை, 3.9இல் 100க்கு 85 பங்குதான் காலுகிறது என்று வைப்போம். 10.8இல் செய்மதி 22 என்றே படிக்கும். 3.9இல் கிட்டத்தட்ட 18 என்று படிக்கும். நான்கு பாகை வித்தியாசம். இந்தச் சின்ன நான்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் துறையே நடக்கிறது.

துளிமேகம் இரண்டு அலைநீளத்திலும் வேறுவேறாகக் காலும் என்று 1973இல் கணக்கில் காட்டியவர் ஹன்ட். 1984இல் பிரித்தானியாவில் எயரும் கூட்டாளிகளும் அதைச் செய்மதிப் படத்தில் செய்து காட்டினார்கள். 1995இல் எல்ரொட் அமெரிக்காவின் புவிநிலைச் செய்மதிக்கு, அதாவது பூமிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் செய்மதிக்கு, அதைக் கொண்டுபோனார். இன்றைக்குப் போனில் பார்க்கிற கலர் படத்துக்குப் பின்னாலும் இருப்பது அந்தக் கழித்தல்தான்.

கலர் படத்தில் எந்த நிறம் பனி?

"இரவு நுண்பௌதிகப் படம்" என்று ஒன்று கிடைக்கும். அதில் பச்சைக் கூறு நான் மேலே சொன்ன வித்தியாசம். சிவப்புக் கூறு 12 மைக்ரோமீற்றருக்கும் 10.8க்கும் உள்ள வித்தியாசம், அது மேகத்தின் தடிப்பைச் சொல்லும். நீலக் கூறு வெப்பநிலை. மூன்றையும் கலந்தால் உயர்ந்த தடித்த மேகம் கருஞ்சிவப்பாகத் தெரியும். மெல்லிய உயர்மேகம் கருநீலமாக இருக்கும். மூட்டமும் தாழ்ந்த மேகமும் வெளிர் நீலப்பச்சை.

குளிர்நாட்டுப் பாடக்குறிப்புகளில் மூட்டத்தின் நிறம் இன்னும் பச்சையாகக் காட்டியிருப்பார்கள். நம்முடைய நிலம் சூடானது என்பதால் நீலக் கூறு எப்போதும் உச்சத்தில் நிற்கும். ஆகவே நமது மூட்டம் பச்சையைவிட நீலத்துக்குக் கிட்ட இருக்கும். வெறும் நிலமும் நீலமும் ஊதாவுமாக இருப்பதால் பழகாத கண்ணுக்குப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரு வாரம் தினமும் பார்த்தால் கண் பழகிவிடும். சட்டென்று பிடிக்க வேண்டும் என்றால் நகரும் படமாக ஓட்டிப் பாருங்கள்: மேகம் நகரும், மூட்டம் கிடந்த இடத்திலேயே கிடந்து பெருக்கும்.

வன்னிக்கு எந்தச் செய்மதி நல்லது?

ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு.

இந்தியாவின் இன்சாட்-3டிஆர் 2016 செப்ரெம்பரிலும் இன்சாட்-3டிஎஸ் 2024 பெப்ரவரியிலும் ஏவப்பட்டவை. முதலாவது கிழக்கு நெடுங்கோடு 74 பாகையில் நிற்கிறது, இரண்டாவது 82இல். நாம் 80இல். ஏறக்குறைய நம் தலைக்கு நேரே. ஆனால் அவற்றின் வெப்பப் படத்தில் ஒரு பிக்சல் 4 கிலோமீற்றர். கிளிநொச்சி நகரும் அதைச் சுற்றிய வயலும் சேர்ந்து மிஞ்சினால் இரண்டு மூன்று புள்ளிதான்.

ஜப்பானின் ஹிமவாரி-9 கண் கூர்மையானது. 16 அலைவரிசை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம், வெப்பத்தில் 2 கிலோமீற்றர் பிக்சல். 2022 டிசம்பர் 13இல் ஹிமவாரி-8 இன் வேலையை அது பொறுப்பெடுத்தது. ஆனால் அது நிற்பது 140.7 பாகையில், பசிபிக் பக்கம். நம்மை அது உச்சியில் இருந்து பார்ப்பதில்லை. வன்னியில் நின்று பார்த்தால் கிழக்கு அடிவானத்தில் இருந்து 20 பாகை உயரத்தில்தான் இருக்கும். அவ்வளவு சரிவாகப் பார்ப்பதால் அந்த 2 கிலோமீற்றர் கிழக்கு மேற்காக இழுபட்டு 6 கிலோமீற்றர் ஆகிவிடுகிறது. கூர்மையான கண்தான், ஆனால் ஓரக்கண்.

ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9 2022 முதல் 45.5 பாகையில் நின்று இந்தியப் பெருங்கடலைப் பார்க்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு படம். நமக்கு அதன் பிக்சல் 4 கிலோமீற்றர் மட்டில் வரும். அதன் 3.9 அலைவரிசை அகலமானது, கரியமில வாயு விழுங்கும் பகுதியையும் தொடுகிறது. அதனால் மூட்டம் இல்லாத இடத்திலும் 3.9 கொஞ்சம் குளிராகக் காட்டும். இது தெரியாமல் பார்த்தால் ஊர் முழுக்கப் பனி என்று நினைப்பீர்கள்.

நான் இன்சாட்டையும் ஹிமவாரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் ஒரே இடத்தில் தெரிந்தால் நம்புவேன்.

விடியும் நேரத்தில் படத்தில் இருந்து பனி திடீரென்று மறைந்துவிடுகிறதே, விலகிவிட்டதா?

இல்லை! இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தால் ஆபத்து.

3.9 மைக்ரோமீற்றர் இரண்டு உலகத்துக்கும் பொதுவான இடம். இரவில் நிலம் காலும் வெப்பம் மட்டும் அதில் வரும். சூரியன் எழுந்ததும் அதில் சூரியக் கதிரும் பட்டுத் தெறித்து வரும். மூட்டத்துத் துளிகள் அந்தக் கதிரை நன்றாகவே தெறிக்கவிடும். இரவு முழுக்க 3.9 குளிராகக் காட்டியது. இப்போது தெறித்த வெளிச்சம் சேர்ந்து சூடாகக் காட்டத் தொடங்கும். நான்கு பாகைக் குறைச்சல் மூன்றாகும், ஒன்றாகும், பூச்சியமாகும், பிறகு எதிர்ப்பக்கம் போகும். பூச்சியத்தைத் தாண்டும் அந்த நேரத்தில் படத்தில் பனி இல்லை. ரோட்டில் கழுத்துவரை இருக்கும்.

வன்னியில் தை மாதக் கடைசியில் சூரியன் எழுவது ஆறரையை ஒட்டி. ஆகவே ஆறு மணியில் இருந்து ஏழு மணிவரை கழித்தல் படத்தை நம்பவே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் புறப்படுவதும், முதல் பஸ்கள் ஓட்டம் பிடிப்பதும், மூட்டம் ஆகத் தடிப்பதும் அதே நேரம்தான் என்பது நம் விதி. ஏழு மணிக்குப் பிறகு பகல் படத்தைப் பாருங்கள்: இன்சாட்டில் பகல் படம் 1 கிலோமீற்றர் கூர்மை. மூட்டம் வழுவழுப்பான வெள்ளையாகத் தெரியும், ஓரத்தில் இருந்து உள்நோக்கிக் கரையும்.

படத்தில் ஒன்றும் இல்லை, என் வயலில் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஏன்?

என் மனைவியின் தம்பிக்கு நான் பிழையாகச் சொன்ன கதையும் இதுதான். ஒரு தை மாதம், விடியப்புறம் நாலரைக்கு மாங்குளத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் எடுத்தார். இரண்டு செய்மதியையும் பார்த்துவிட்டு "துப்புரவா இருக்கு, வா" என்றேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிட்டவர், இரணைமடுச் சந்தி தாண்டுமுன் திரும்ப எடுத்தார்: "அத்தான், ஒண்டுமில்லை எண்டு சொன்னியள். இஞ்ச முன்னுக்குப் போறவன்ர லைற்றே தெரியேல்லை. மாடு வேற படுத்துக் கிடக்குது." இரவில் தார் ரோட்டின் இளஞ்சூட்டுக்கு மாடுகள் ஏ9 நெடுஞ்சாலையில் வந்து படுப்பது தெரியாதவர் வன்னியில் இல்லை. லொறியை ஓரங்கட்டி முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தார். நாலு நாள் என்னிடம் பனி பற்றிக் கேட்கவே இல்லை.

படம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதன் வரம்பை மறந்தேன். அன்றைய மூட்டம் குளத்துத் தாழ்வை ஒட்டிய ஒரு கீலம். ஒன்றிரண்டு கிலோமீற்றர் அகலம்கூட இருந்திராது. 4 கிலோமீற்றர் பிக்சலில் அது நாலில் ஒரு பங்கு. மற்ற முக்கால் பங்கு வெறும் காடு. இரண்டும் கலந்து வரும் சராசரியில் அடையாளம் கரைந்துவிடும். இன்னொன்று தடிப்பு. ஆள் உயரத்துக்கு மட்டும் படர்ந்த மூட்டத்தின் ஊடாகக் கீழே இருக்கும் நிலத்தின் வெப்பம் மேலே கசிந்துவிடும். ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் பார்க்கையில் அது சுவர், செய்மதிக்கு மேலிருந்து பார்க்கையில் மெல்லிய மல்லுத்துணி.

அன்றிலிருந்து நான் "துப்புரவு" என்று சொல்வதில்லை. "படத்தில் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

அது நிலத்தில் கிடக்கும் பனியா, மேலே நிற்கும் தாழ்மேகமா என்று எப்படிப் பிரிப்பது?

கழித்தல் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் நீர்த்துளிப் படைதான். செய்மதிக்குத் தெரிவது உச்சி. அடி நிலத்தைத் தொடுகிறதா, 300 மீற்றர் உயரத்தில் நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. குளக்கட்டில் நின்று வயலைப் பார்த்தேன் என்றேனே, அந்த நேரம் மோட்டார் சைக்கிள்காரருக்கு முன்னால் எத்தனை அடி தெரிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சில குறிகள் உண்டு. மூட்டத்தின் உச்சி வெப்பநிலை நிலத்தின் வெப்பநிலையோடு ஒட்டியிருந்தால் அது நிலத்தில் கிடப்பதற்கே வாய்ப்பு அதிகம். பல பாகை குளிராக இருந்தால் உயரத்தில் நிற்கும் மேகம். ஓரம் வயலையும் ஆற்றுப் பள்ளத்தையும் ஒட்டி வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் மூட்டம். வடகீழ்ப் பருவக்காற்றோடு முல்லைத்தீவுக் கரையில் இருந்து உள்ளே நகர்ந்து வந்தால் மேகம். கடைசியில் தரையில் நிற்கும் ஒருவரின் கண்தான் தீர்ப்பு. வவுனியாவிலும் மன்னாரிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையங்கள் உண்டு. அவற்றுக்கு இடையில் உள்ள காட்டுக்கு எனக்கு ஓட்டுநர்களின் போன்தான்.

மேலே வேறு மேகம் இருந்தால்?

கதை முடிந்தது. உயர்மேகம் திரைச்சீலை மாதிரி மூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உயர்மேகம்கூட வித்தியாசத்தைக் குழப்பும், அதில் 3.9 குளிராகக் காட்டாமல் சூடாகக் காட்டும். ஆறுதல் என்னவென்றால், மேலே தடித்த மேகம் மூடிய இரவில் நிலம் அவ்வளவாகக் குளிராது, மூட்டமும் குறைவு.

பனி இல்லாத இடத்தைப் பனி என்று காட்டுமா?

காட்டும். உலர்ந்த மணல் 3.9இல் குறைவாகக் காலும், ஆகவே பாலைவன நாடுகளில் மணலே மூட்டம் மாதிரித் தெரியும். நம்மிடம் அவ்வளவு பெரிய மணல்வெளி இல்லை என்றாலும் மன்னார்த் தீவின் மணலைப் பார்க்கும்போது இதை ஞாபகத்தில் வைப்பது நல்லது. மாசிக் கடைசி, பங்குனியில் சூரியன் பூமிக்குப் பின்னால் இருந்து செய்மதியின் கண்ணுக்குள் நேரே எட்டிப் பார்க்கும். நள்ளிரவை ஒட்டிய 3.9 படத்தில் சில நாள் வெளிச்சக் கறை விழும்.

மறுபக்கம், நம் காற்றின் ஈரம் உள்ள அடையாளத்தையே குறைத்துக் காட்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. காற்றில் இருக்கும் நீராவி 10.8இல் வரும் வெப்பத்தைக் கொஞ்சம் விழுங்கும், 3.9ஐ அவ்வளவு தொடாது. அதனால் வெறும் நிலத்திலேயே 3.9 ஒன்றிரண்டு பாகை சூடாகத் தெரியும். நான்கு பாகைக் குறைச்சலில் இந்த இரண்டைக் கழித்தால் மிச்சம் இரண்டு. பஞ்சாபில் இருந்து பீகார் வரை மார்கழியில் கம்பளி போர்த்தியது போல் படுக்கும் கங்கைச் சமவெளி மூட்டத்துக்கு, அங்கத்தைய உலர் குளிரில் வகுத்த எல்லை எண் வன்னிக்குச் சரிவராது. எண்ணை நம்பாதீர்கள், பக்கத்தில் உள்ள வெறும் நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலா வெளிச்சத்தில் எடுத்த படம் என்று ஒன்று பார்த்தேன். அது என்ன?

அது வியர்ஸ் என்ற படக்கருவியின் பகலிரவு அலைவரிசை. சுவோமி என்பிபி (2011), நோவா-20 (2017), நோவா-21 (2022) ஆகிய மூன்று செய்மதிகளில் இருக்கிறது. இவை ஒரே இடத்தில் நிற்காமல் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. நிலவொளியே போதும், 750 மீற்றர் கூர்மையில் படம் எடுத்துவிடும். பௌர்ணமியை ஒட்டிய இரவில் மூட்டம் வெள்ளையாகவே தெரியும். நிலா இல்லாத இரவிலும் ஒரு வழி உண்டு: ஊர் விளக்குகள். மூட்டம் மூடிய நகரத்தின் வெளிச்சம் கூர்மையான புள்ளியாக இராது, ஈரக் கடதாசியில் மை பரவியதுபோல் ஊதித் தெரியும். கிளிநொச்சியும் வவுனியாவும் ஏ9 நூலில் கோத்த மணிகள் மாதிரி இருக்கும். ஒரு மணி மட்டும் கலங்கியிருந்தால் சந்தேகப்படலாம்.

எனக்கு மிகவும் பிடித்த படம் இது. ஆனால் நம்மைக் கடப்பது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியை ஒட்டி. வன்னி மூட்டம் பெரும்பாலும் மூன்றுக்குப் பிறகு பிறக்கிறது. ஆட்கள் வர முன்னமே படம் எடுத்துவிட்டுப் போகும் கல்யாணப் படப்பிடிப்பாளர் மாதிரி. சீனா 2021இல் ஏவிய பெங்யுன்-3ஈ மட்டும் விடியப்புறம் ஐந்தரையை ஒட்டிக் கடக்கும் பாதையில் சுற்றுகிறது.

வைக்கோல் எரிக்கும் புகையைப் பனி என்று நினைக்குமா?

இல்லை. புகைத் துகள் இந்த அலைநீளங்களுக்கு மிகச் சிறியது, வெப்பம் ஊடுருவிப் போய்விடும். நெருப்பு மட்டும் 3.9இல் சுடர்ப் புள்ளியாகத் தெரியும்.

நந்திக்கடலிலும் கடலிலும் பனி?

கடனீரேரிக் கரையில் நிலத்து மூட்டம் வழிந்து வருவது உண்டு. நடுக்கடலில் அரிது, நம் கடல் தண்ணீர் தையிலும் சூடானதுதான்.

முதல் நாள் பின்னேரமே சொல்ல முடியாதா?

செய்மதி நடந்ததைத்தான் காட்டும். முன்கூட்டி ஊகிக்க நான் பார்ப்பவை நான்கு. பகலில் மழை பெய்து பின்னேரம் வெளித்ததா? பொழுதுபட்டபின் காற்று விழுந்துவிட்டதா? வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் இடைவெளி இரண்டு மூன்று பாகைக்குள் வந்துவிட்டதா? நேற்று எங்கே கிடந்தது? நான்காவதுதான் என் கைகண்ட மருந்து. வானிலை மாறாத வரை மூட்டம் அடுத்தடுத்த நாள் ஏறக்குறைய அதே பள்ளத்தில்தான் படுக்கும். வீட்டு முற்றத்தில் பத்து மணிக்கே மோட்டார் சைக்கிள் சீற் நனைந்துவிட்டால் அன்றிரவு அலாரம் மூன்றரைக்கு வைப்பேன்.

போனில் எங்கே பார்ப்பது?

இந்திய வானிலைத் துறையின் செய்மதிப் பக்கத்தில் இன்சாட் இரவு நுண்பௌதிகப் படம் கிடைக்கும். ஹிமவாரிக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் ஸ்லைடர் தளம் நல்லது. படத்தைப் பெருப்பித்து, ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் டேற்றா தின்னும். நிலவொளிப் படத்துக்கு நாசாவின் வேர்ல்ட்வியூ. எல்லாம் காசில்லாமல்தான். இலங்கைப் படத்தில் பாக்கு நீரிணையை முதலில் பிடியுங்கள், பிறகு யாழ்ப்பாணக் கடனீரேரி, அதற்குத் தெற்கே விரல் வைத்தால் வன்னி. ஊர்ப் பெயர் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

படத்தின் மூலையில் 2330 என்று இருக்கிறது. நேற்று இரவுப் படமா?

இல்லை, இன்றைக்கு விடியப்புறம் ஐந்து மணிப் படம். செய்மதிப் படங்கள் உலகப் பொது நேரத்தில் வரும்; ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நம் நேரம். 2200 என்றால் விடியப்புறம் மூன்றரை. 0030 என்றால் காலை ஆறு, அதாவது மேலே சொன்ன குருட்டு நேரம் தொடங்கிவிட்டது. 2200, 2330 படங்களில் திகதி நேற்றையதாக இருக்கும், அதைப் பார்த்துப் பழைய படம் என்று மூடிவிடாதீர்கள். பழகத் தொடங்கிய முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் சரியான படத்தை மூடிவிட்டு 0500 என்று போட்டிருந்த படத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முதல்நாள் காலை பத்தரைப் படம்.